சர்க்கரை போட்டே வரும் காபியும் தினசரி ஸ்கேனும்

“இன்னும் எவ்வளவு நேரம் கெடக்கணும், கண்ணு?”

ஸ்பீக்கரில் வந்த குரல். தடித்த கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கேமரா திரையில் அந்தப் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர். இப்போது இடுப்பெலும்பிலும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் பரவிவிட்டது. ஸ்ட்ரெச்சரில் வந்தவரை நான்கு பேர் பெட்ஷீட்டோடு தூக்கி, கதிர்வீச்சு பாய்ச்சும் லீனாக் இயந்திரத்தின் மேசையில் கிடத்தியிருந்தார்கள். கார்பன் ஃபைபர் மேசை. எக்ஸ்ரேயை மறிக்காது என்பதற்காக அந்தப் பொருளில் செய்கிறார்கள். படுப்பவர் முதுகுக்கு அது வெறும் பலகைதான். மெத்தை போடவும் வழியில்லை. போட்டால் உடம்பு புதைந்து, நேற்றுப் படுத்த மாதிரி இன்று படுக்காது.

“ரெண்டே நிமிஷம் பாட்டி, அசையாம இருங்க” என்றார் டெக்னீஷியன் தம்பி. ஐந்து நிமிடத்துக்கு முன்னாலும் அதையேதான் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு என் பிளானிங் கணினி மக்கர் செய்ததால் கன்சோலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கை பரபரத்து, மொபைலில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டிருந்தேன். பாட்டி மேசையில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை 17 நிமிடம். அதில் கதிர்வீச்சு பாய்ந்தது முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை, இரண்டும் சேர்த்து ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. மீதியில் பெரும்பகுதியைத் தின்றது படம்.

எங்கள் ஊர்ப்பக்கம் ரேடியோதெரபியை ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். “அம்மாவுக்குப் பத்துக் கரண்ட் சொல்லியிருக்காங்க” என்றால் பத்து நாள் சிகிச்சை என்று அர்த்தம். நான் அந்தக் கரண்டைக் கணக்குப் போடுபவள். மருத்துவ இயற்பியலாளர் என்பது பதவியின் பெயர். வீட்டில் யாருக்கும் அது வாயில் நுழைந்ததில்லை. எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எத்தனை நாள், எந்த இடம் என்று மருத்துவர் எழுதுவார். எந்தக் கோணத்தில், எவ்வளவு அகலத்தில், எத்தனை நேரம் என்பதை நான் போட்டுக் கொடுப்பேன். மேசையில் படுக்கவைத்து, பச்சை குத்திய புள்ளிகளை லேசர் கோட்டோடு பொருத்தி, பொத்தானை அழுத்துவது டெக்னீஷியன்கள்.

அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் எடுக்கும் படம்தான் விஷயம். லீனாக்கிலேயே பொருத்தியிருக்கும் எக்ஸ்ரே குழாய் நோயாளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கோன் பீம் சிடி, சுருக்கமாக சிபிசிடி, எடுக்கும். சுற்றுவது ஒரு நிமிடம்தான். அதன்பின் அந்தப் படத்தை, திட்டம் போட முதலில் எடுத்த படத்தின்மேல் வைத்துப் பொருத்த வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று பார்த்து மேசையை நகர்த்த வேண்டும். விலகல் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் ஓபியில் இருக்கும் மருத்துவருக்கு போன். அவர் இன்னொரு நோயாளியோடு பேசிக்கொண்டிருப்பார். வந்து பார்த்து, சரி என்பார், அல்லது எதற்கும் இன்னொரு தடவை எடுத்துவிடுங்கள் என்பார். எலும்பு அரித்த இடுப்போடு பலகையில் கிடப்பவருக்கு இந்த எதற்கும் என்ற சொல்லின் நீளம் ஆறேழு நிமிடம்.

படமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. புராஸ்டேட் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்திரப்பை நிறைந்திருக்கும் நாளில் புராஸ்டேட் ஓரிடத்திலும் காலியாக இருக்கும் நாளில் வேறிடத்திலும் இருக்கும். பின்னாலேயே மலக்குடல். குணமாக்கும் நோக்கில் எழுபது எண்பது கிரே கொடுக்கும்போது அரை சென்டிமீட்டர் தப்பினாலும் மலக்குடல் வாங்கிக்கொள்ளும். அங்கே தினமும் படம் எடுக்காமல் ஆரம்பிப்பதுதான் தவறு. முதுகுத்தண்டுக் கட்டியை ஊசிமுனை மாதிரி குறிவைத்து உயர்ந்த அளவில் தாக்கும் எஸ்பிஆர்டி முறையிலும், ஏற்கெனவே ஒருமுறை கதிர்வீச்சு வாங்கிய தண்டுவடத்துக்கு அருகில் மறுபடி கொடுக்கும்போதும் அப்படித்தான்.

பாட்டிக்குக் கொடுத்தது அந்த ரகம் அல்ல. வலி குறைய வேண்டும், அவ்வளவுதான். இதைப் பேலியேட்டிவ் என்கிறோம். நோய் பிடித்த எலும்பு மட்டுமல்லாமல் அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு எலும்பு, பக்கவாட்டில் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் ஓரம் என்று தாராளமாகவே கதவைத் திறந்து வைத்திருப்போம். எலும்பு மூத்திரப்பையைப் போல இடம் மாறாது. அளவும் தண்டுவடம் தாங்கும் வரம்புக்குள் இருக்கும். முதல் நாள் ஒரு படம், அப்புறம் வாரத்துக்கு ஒன்று போதும். இரண்டு சென்டிமீட்டர் ஓரம் விட்டுவிட்டு நான்கு மில்லிமீட்டர் விலகலைத் தினமும் துரத்துவது, மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு துளி எண்ணுகிற கதை.

“இவங்களுக்கு ஏன் தினம் சிபிசிடி?” என்று தம்பியைக் கேட்டேன்.

“ஷீட்ல அப்படித்தான் மேடம் இருக்கு.”

மருத்துவரிடம் கேட்டேன். “நான் ஒண்ணும் மாத்தலையேம்மா. டெம்ப்ளேட்ல வந்ததுதான்” என்றார்.

டெம்ப்ளேட்டைத் திறந்தேன். சிகிச்சை ஆணை எழுதும் படிவத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வார்ப்பு இருக்கும். மருத்துவர் ‘முதுகெலும்பு, பேலியேட்டிவ்’ என்று தேர்ந்தால் பாதிக் கட்டங்கள் தாமே நிரம்பிவிடும். அதில் ‘படம்’ என்ற கட்டத்தில் ‘தினமும்’ என்று இருந்தது. உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். தேதியைப் பார்த்ததும் நினைவு வந்துவிட்டது. இந்த இயந்திரம் வந்த வாரம். திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு. இருபது வார்ப்புகளை ஒரே மூச்சில் அடித்து முடித்தேன். முதலில் புராஸ்டேட்டுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மற்றதெல்லாம் அதைக் காப்பி பண்ணி, பெயரையும் அளவையும் மாற்றியது. படக் கட்டத்தை மாற்ற எனக்குத் தோன்றவே இல்லை.

பாட்டி தினமும் 17 நிமிடம் கிடந்ததற்கு மருத்துவ முடிவு என்று ஒன்று எங்குமே எடுக்கப்படவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பசியோடு நான் அழுத்திய இரண்டு விசைகள்தான் காரணம். அவருக்கு முன்னால் நான்கு வருடம் எத்தனை பேர் என்று எண்ணலாம், பதிவுகள் இருக்கின்றன. இன்றுவரை எண்ணிப் பார்க்கவில்லை. தைரியம் வரவில்லை.

இதைச் சரிசெய்வது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஃபிலடெல்ஃபியாக்காரர்களின் ஆய்வு கைக்கு வந்தது. 2019இல் ஜாமா ஆன்காலஜி இதழில் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென் மெடிசின் மருத்துவமனைக் குழுமத்தில் நடந்தது. என் டெம்ப்ளேட் செய்த தவறை அப்படியே தலைகீழாக்கிச் சோதித்திருந்தார்கள்.

அங்கேயும் இதே நிலைமைதான். பேலியேட்டிவ் கதிர்வீச்சில் தினசரிப் படம் தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் செய்தது ஒன்றே ஒன்று. மின்னணு ஆணைப் படிவத்தில் ‘தினசரிப் படம் இல்லை’ என்பதை முன்கூட்டியே நிரப்பி வைத்தார்கள். வேண்டும் என்று நினைக்கும் மருத்துவர் அதை மாற்றி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று தேர்ந்துகொள்ளலாம். தடை இல்லை, எச்சரிக்கை மணி இல்லை, மேலதிகாரி கையெழுத்து இல்லை. ஐந்து மையங்கள், 21 கதிர்வீச்சு மருத்துவர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். மாற்றத்துக்கு முன் சுமார் 68% சிகிச்சைகளில் தினமும் படம் எடுக்கப்பட்டது. மாற்றிய பின் சுமார் 32%.

ஆய்வை நடத்திய விதமும் பிடித்திருந்தது. கல்யாணப் பந்தி மாதிரி. எல்லோருக்கும் சாப்பாடு உண்டு. யார் முதல் பந்தி, யார் இரண்டாம் பந்தி என்பதை மட்டும் குலுக்கிப் போடுகிறார்கள். முதல் பந்தி சாப்பிடும்போது வெளியே காத்திருப்பவர்கள் ஒப்பீட்டுக்கு. கடைசியில் எல்லா மையமும் புதிய படிவத்துக்கு வந்துவிடும். யாருக்கும் நிரந்தரமாகப் பழையதே கிடைத்தது என்ற குறை இல்லை, அதே சமயம் காலப்போக்கில் தானாக நடந்த மாற்றத்தைப் படிவத்தின் சாதனையாகக் காட்டிவிடும் ஆபத்தும் குறைகிறது.

பலரும் 68ஐத்தான் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு 32 தான் பிடித்த எண். மருத்துவர்கள் ஆட்டுமந்தை போல முன்னால் இருப்பதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்றால் அது பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கும். மூன்றில் ஒரு பங்கு சிகிச்சையில் யாரோ ஒருவர் கையை நீட்டி மாற்றியிருக்கிறார். தண்டுவடம் பக்கத்தில் இருந்திருக்கலாம், நோயாளி மிகப் பருமனாக இருந்து புள்ளிகள் நகர்ந்துகொண்டே இருந்திருக்கலாம், பழக்கம் விடாமலும் இருந்திருக்கலாம். எதுவானாலும் இப்போது அது ஒரு மனிதர் எடுத்த முடிவு.

டீஃபால்ட் என்பதற்குக் கணினித் தமிழில் ‘முன்னிருப்பு’ என்று ஒரு சொல் உண்டு. எங்கள் அறையில் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. புரியவைக்க நான் பயன்படுத்துவது காபிதான். நம் ஊர் ஹோட்டலில் காபி என்றால் சர்க்கரை போட்டே வரும். வேண்டாம் என்றால் நாம் வாயைத் திறந்து “சர்க்கரை இல்லாம” என்று சொல்ல வேண்டும். சுகர் இருக்கிறவர்களே பாதி நேரம் சொல்ல மறந்து, வந்த பிறகு “பரவால்ல, ஒரு நாள்தானே” என்று குடித்துவிடுவார்கள். சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைக்கும் கடையில் அதே ஆட்கள் போட்டுக்கொள்ளாமலே குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். காபி மாஸ்டர் யாரையும் எதற்கும் வற்புறுத்தவில்லை.

இந்தச் சங்கதியைப் பொருளாதாரக்காரர்கள் ரொம்ப நாளாகவே அளந்துகொண்டிருக்கிறார்கள். 2001இல் பிரிஜிட் மாட்ரியனும் டென்னிஸ் ஷீயும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்க நிறுவனம் ஒன்றில் ஓய்வூதியச் சேமிப்பில் சேர விருப்பம் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தபோது ஊழியர்களில் பாதிப்பேர்தான் சேர்ந்திருந்தார்கள். விருப்பம் இல்லையென்றால் மட்டும் சொல்லுங்கள் என்று மாற்றியதும், புதிதாக வந்தவர்களில் 86% பேர் உள்ளே இருந்தார்கள். இதோடு நிறுத்தினால் அழகான கதை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பாதி இருக்கிறது. முன்கூட்டியே நிரப்பியிருந்த சேமிப்பு அளவு சம்பளத்தில் 3%. நிரப்பியிருந்த முதலீடு மிகவும் மந்தமான ஒன்று. பெரும்பாலானோர் அந்த மூன்றிலேயே, அந்த மந்தமான முதலீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தாமாகச் சேர்ந்திருந்தால் இதைவிட அதிகம் போட்டிருக்கக்கூடியவர்களும் அதில் அடக்கம். சேர வைத்த கைதான் குறைவாகச் சேமிக்கவும் வைத்தது. என் டெம்ப்ளேட்டை நினைக்கும்போதெல்லாம் இந்த மூன்று சதவீதம் ஞாபகம் வரும்.

பென் மெடிசினில் இதற்கென்றே 2016இல் ஒரு குழு அமைத்தார்கள். தள்ளிவிடாமல் தோளில் லேசாகத் தட்டுவதற்கென்றே ஒரு குழு. படம் பற்றிய ஆய்வுக்கு முன்பே அங்கே மருந்துச் சீட்டில் இதைப் பார்த்துவிட்டார்கள். மருத்துவர் பிராண்ட் பெயரை எழுதினாலும், ‘இதே பிராண்டுதான் வேண்டும்’ என்ற கட்டத்தில் டிக் போடாவிட்டால் சீட்டு ஜெனரிக் பெயரில் போகும் என்று மாற்றினார்கள். ஜெனரிக் பங்கு 75%இலிருந்து 98%க்கு ஏறியது. இன்னொன்று, அவசர சிகிச்சைப் பிரிவில் ஓபியாய்டு என்ற அபின் வகை வலி மாத்திரை. எண்ணிக்கைக் கட்டத்தில் 10 என்று முன்கூட்டியே போட்டு வைத்ததும், பத்து மாத்திரை எழுதும் சீட்டுகளின் பங்கு சுமார் 21%இலிருந்து 43% ஆனது. ஒரு எண்ணை அங்கே எழுதி வைத்தது மட்டும்தான் மாற்றம்.

இதையெல்லாம் படித்தபோது முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை, கொஞ்சம் பயம். ஏனென்றால் இந்தக் கட்டங்களை நிரப்புவது பெரும்பாலும் மருத்துவர் அல்ல. நான். அல்லது மென்பொருள் விற்ற கம்பெனியிலிருந்து மூன்று நாள் வந்து உட்கார்ந்து செட்டிங்ஸ் போட்டுவிட்டு, நான்காம் நாள் ரயில் ஏறிய பையன். எங்கள் யாரையும் நோயாளிக்குத் தெரியாது. ஒப்புதல் படிவத்தில் எங்கள் பெயர் வராது.

அது எந்தப் பக்கமும் சாயலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த ஆய்வு நடந்த காலத்தில் அமெரிக்காவில் ஒவ்வொரு நாள் படத்துக்கும் தனியாக பில் போட முடிந்தது. இங்கே தனியாரில் படத்தோடு சேர்ந்த சிகிச்சைக்கு ‘ஐஜிஆர்டி பேக்கேஜ்’ என்று கூடுதல் விலை. ‘தினமும்’ என்று நிரப்பி வைப்பதில் ஒரு நிர்வாகத்துக்கு நஷ்டம் எதுவும் இல்லை. எங்கள் இடத்தில் கணக்குப் பிரிவு யாரையும் கெடுதல் செய்யச் சொல்லியதில்லை என்பதற்கு நான் சாட்சி. ஆனால் நான்கு வருடமாக ஒரு கட்டம் தவறாக இருந்தும் யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. அது வருமானத்தைக் குறைக்கும் தவறாக இருந்திருந்தால் நான்கு நாளில் போன் வந்திருக்கும்.

தேவையற்ற பரிசோதனையைக் குறைக்கச் சொல்லும் குரல்கள் புதிதல்ல. 2012இல் அமெரிக்காவில் சூசிங் வைஸ்லி என்ற இயக்கம் தொடங்கியபோதே அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் ஐந்து அம்சப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தது. ஆரம்பநிலை, குறைந்த ஆபத்துள்ள மார்பக, புராஸ்டேட் புற்றுநோய்க்கு பெட் ஸ்கேன், சிடி, எலும்பு ஸ்கேன் எடுக்காதீர்கள், மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து அறிகுறி எதுவும் இல்லாதவர்களைத் தொடர்ந்து ஸ்கேனுக்கு அனுப்பாதீர்கள் என்றெல்லாம் அதில் இருந்தன. 2019இல் இந்தியாவிலும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு பத்து அம்சங்களோடு நமக்கென்று ஒரு பட்டியல் வெளியிட்டது. பழைய முறையே போதுமான இடத்தில் நவீனக் கதிர்வீச்சு நுட்பத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்பது அதில் ஒன்று. எங்கள் கருத்தரங்க அறையில் அதை அச்சடித்து ஒட்டியிருந்தோம். அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் பாட்டியின் ஆணையில் கையெழுத்துப் போட்டார்கள்.

மருத்துவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலையில் ஓபியில் எண்பது பேர். ஒரு ஆணைப் படிவத்தில் நாற்பது கட்டம். நோய் எங்கே, எவ்வளவு அளவு, தண்டுவடம் எவ்வளவு வாங்கும் என்ற மூன்று நான்கு கட்டங்களில்தான் அவர் மூளை நிற்க வேண்டும், நிற்கிறது. மீதிக் கட்டங்களை யாரோ யோசித்துத்தான் நிரப்பியிருப்பார்கள் என்று நம்புகிறார். இந்த நம்பிக்கைதான் டீஃபால்ட்டின் முழு பலமும். சோம்பல் கொஞ்சம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ‘இங்கே இப்படித்தான் செய்கிறார்கள் போல’ என்ற மரியாதை அதைவிடப் பெரிது.

சனிக்கிழமைக் கூட்டத்தில் விஷயத்தை எடுத்தேன். என் தவறு என்றே ஆரம்பித்தேன், அது உதவியது. மற்றவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. இளையவர் ஒருவர், படிவத்தைத் தொடாமல், தினசரிப் படம் கேட்டால் திரையில் ஒரு எச்சரிக்கை வரும்படி செய்யலாமே என்றார். எங்கள் மென்பொருளில் ஏற்கெனவே வரும் எச்சரிக்கைகளை அவர் எப்படி மூடுகிறார் என்று கேட்டேன். சிரித்துவிட்டார். என்டர் விசையைப் பார்க்காமலே அழுத்துவார். எல்லோரும் அப்படித்தான்.

பெரிய டாக்டர் வேறு மாதிரி பேசினார். “ஒரு நாள் தப்பான எலும்புல போய்ட்டா யாரு பதில் சொல்றது?” இந்தக் கேள்வியைச் சாதாரணமாகத் தள்ள முடியாது. முதுகெலும்பில் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று எண்ணிக்கை தப்புவது நடக்கக்கூடியதுதான். முதல் நாள் படம் அதற்காகத்தான் இருக்கிறது, அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்றேன். மேசை எண்கள் முந்தைய நாளிலிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் விலகினால் டெக்னீஷியன் யாரையும் கேட்காமல் படம் எடுக்கலாம் என்று ஒரு விதியும் சேர்த்தோம். அதைச் சொன்னது தம்பிதான். கூட்டத்தில் டெக்னீஷியன்களைக் கூப்பிடும் வழக்கமே எங்களிடம் இல்லை. அன்று ஏதோ கூப்பிட்டிருந்தோம்.

பேச்சு அங்கிருந்து நழுவி, சங்கடமான இடத்துக்குப் போனது. படத்தை விடு, பத்து நாள் எதற்கு? சிக்கலில்லாத எலும்பு வலிக்கு ஒரே நாளில் 8 கிரே கொடுப்பதும் பல நாளாகப் பிரித்துக் கொடுப்பதும் வலி குறைப்பதில் சமம் என்று 1999இல் 1,171 பேரை வைத்து நடந்த டச்சு ஆய்வு முதல் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. ஒரே நாளில் 8 கிரேயையும் பத்து நாளில் 30 கிரேயையும் ஒப்பிட்டு 2005இல் வெளியான ஆர்டிஓஜி 97-14 என்ற அமெரிக்க ஆய்வில் இரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு வலி குறைந்தது. வித்தியாசம் மறுசிகிச்சையில்: ஒரே நாள் வாங்கியவர்களில் 18% பேருக்கு மறுபடி தேவைப்பட்டது, பத்து நாள் பக்கம் 9%. எங்கள் வார்ப்பில் எண்ணிக்கைக் கட்டத்தில் பத்து என்று இருக்கிறது. அதையும் நான்தான் நிரப்பினேன். அதை மாற்ற அன்று ஒப்புதல் கிடைக்கவில்லை. நோயாளி எழுபது கிலோமீட்டர் தாண்டி பஸ்ஸில் வருகிறார், ஒரே நாளில் முடிவது அவருக்கு நல்லது என்று ஒருவர் சொன்னால், திரும்ப வலி வந்தால் அதே எழுபது கிலோமீட்டரை மறுபடி யார் வர வைப்பது என்று இன்னொருவர். இதில் நான் ஒரே நாள் கட்சி. ஆனால் இதை டீஃபால்ட்டாக வைத்து ஓசையில்லாமல் முடிக்கக் கூடாது, நோயாளியிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியது என்ற பெரிய டாக்டரின் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. படமும் இதுவும் ஒரே ரகமல்ல. படம் எத்தனை என்பதில் நோயாளிக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை; ஒரு நாளா பத்து நாளா என்பதில் இருக்கிறது.

படக் கட்டத்தை மாற்றும் வேலை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ‘தினமும்’ போய் ‘முதல் நாள், பிறகு வாரம் ஒருமுறை’ வந்தது. மாற்ற விரும்பினால் பக்கத்தில் காரணம் எழுத ஒரு வரி. அந்த வரி கட்டாயமில்லை. கட்டாயமாக்கினால் எல்லோரும் புள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

மாற்றிய மறுவாரம் யாரும் எதையும் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மருத்துவர்கள் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி மட்டும் ஒருநாள் டீ குடிக்கும்போது, “பேலியேட்டிவ் கேஸ் எல்லாம் சீக்கிரமா இறங்குறாங்க மேடம்” என்றார்.

கவனித்தவர்கள் நோயாளி வீட்டுக்காரர்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஃபிலடெல்ஃபியா ஆய்வில் இதற்குப் பதில் தேட முடியாது. இது நம் ஊர் விவகாரம். இங்கே ஸ்கேன் என்பது கவனிப்பின் அடையாளம். டாக்டர் தொட்டுப் பார்த்தாரா, ஸ்கேன் எடுத்தார்களா என்றுதான் உறவுக்காரர்கள் போனில் கேட்பார்கள். காத்திருக்கும் பெஞ்சில் தகவல் வாட்ஸ்அப்பைவிட வேகமாகப் பரவும். யாருக்கு எத்தனை கரண்ட், யார் எவ்வளவு கட்டினார்கள், யார் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார்கள், எல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

போன மாதம் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு மகன் என் அறை வாசலில் நின்றார். அப்பாவுக்கு நுரையீரலிலிருந்து தொடை எலும்புக்குப் பரவியது. பத்துக் கரண்டில் ஆறு முடிந்திருந்தது.

“மேடம், பக்கத்துல ஒருத்தருக்கு டெய்லி ஸ்கேன் எடுக்கிறீங்க. எங்க அப்பாவுக்கு ஏன் எடுக்கிறதில்ல? காசு கூட ஆகும்னா சொல்லுங்க, கட்டிடறேன்.”

உட்காரச் சொன்னேன். காகிதத்தில் தொடை எலும்பு வரைந்து, சுற்றிலும் ஓரம் வரைந்து, பக்கத்து ஆளுக்கு புராஸ்டேட் என்று பெயர் சொல்லாமல் ‘அசையுற இடம்’ என்று சொல்லி விளக்கினேன். அப்பா மேசையில் கிடக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“புரியுது மேடம். இருந்தாலும் கடைசி நாள் ஒண்ணு எடுத்துருங்க. நான் வெள்ளிக்கிழமை கெளம்பறேன்.”

மருத்துவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. படிவத்தைத் திறந்து, பத்தாம் நாளுக்கு மட்டும் ஒரு படம் சேர்த்தார். காரணம் எழுதும் வரியில், கட்டாயமில்லாத அந்த வரியில், இரண்டு விரலால் நிதானமாகத் தட்டினார்: ‘மகன் ஊருக்குப் போகிறார்.’